அவள் விளையாட மட்டுமே போயிருக்கிறாள்

1

ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, “மகள் அவுஸ்திரேலியாவில என்ன படிக்கிறா?” என்றுதான். படிக்கவில்லை, பந்து விளையாடுகிறாள் என்பேன். “அது சரி, வேற என்ன செய்யிறா?” என்பார்கள்.

போன ஆடி மாதம் இதே கேள்வியைச் சுவிஸ் அலுவலகமொன்றும் என்னிடம் கேட்டது. பதிவுத் தபாலில் கேட்டது. பதிலுக்குப் பத்து நாள் தவணை.

நான் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். இருபத்தெட்டு வருடமாக இங்கே சுவிஸில் இருக்கிறேன். ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். மனைவி சாந்தினி அலுவலகக் கட்டடங்கள் துப்புரவு செய்கிறாள். எங்கள் ஒரே மகள் நிலானிக்கு இருபத்திரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். ஆனாலும் அவளிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டும், ‘சி’ என்ற எழுத்துப் போட்ட சுவிஸ் நிரந்தர வதிவிட அட்டையும்தான். அகதி மனுக்காரருக்குத் தரும் ‘என்’ அட்டையில் தொடங்கி எஃப், பி, சி என்று எழுத்து எழுத்தாக ஏறி வந்த குடும்பம் நாங்கள். அந்த நாலு எழுத்தையும் ஏறி முடிக்க எனக்குப் பதினான்கு வருடம் பிடித்தது.

என் வயதுக்காரருக்குப் பதிவுத் தபால் என்றால் இன்றைக்கும் பயம்தான். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட செய்தியும் அப்படித்தான் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டதும் அப்படித்தான் வந்தது. வேலை முடிந்து வந்து, தபால் பெட்டியில் கிடந்த அறிவிப்புத் துண்டை எடுத்துக்கொண்டு அஞ்சலகம் போனேன். வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியாமல் அங்கேயே, ஆட்கள் போய்வரும் கதவோரம் நின்று கடிதத்தைப் பிரித்தேன்.

விடயம் இதுதான். ‘சி’ அட்டைக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அட்டை செல்லாமல் போய்விடும். முன்கூட்டியே விண்ணப்பித்து, தகுந்த காரணம் காட்டினால் அதைக் காப்பாற்றி வைப்பார்கள். நிலானி விண்ணப்பித்திருந்தாள். அவள் மெல்பேர்ணில் இருந்ததால் படிவங்களை இங்கிருந்து கொடுக்கும் பொறுப்பை எனக்கு எழுதித் தந்திருந்தாள். அலுவலகம் எழுதியிருந்தது: “தாங்கள் இணைத்த விளக்கத்தின்படி தங்கள் மகள் அங்கே வேலை செய்யவில்லை, படிக்கவும் இல்லை, விளையாட மட்டுமே செய்கிறார். அப்படியானால் அவர் தங்கியிருப்பதன் நோக்கம் என்ன? திரும்பி வரும் எண்ணம் உண்டா?”

ஆறு மாத எல்லை முடிய இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

அந்த வசனத்தை எழுதியது நான்தான். காரணம் கேட்டிருந்த இடத்தை நிலானி வெறுமையாக விட்டு, “அப்பா, கொன்ட்ராக்டின்ட பிரதியை வைச்சு நாலு வரி எழுதுங்க” என்றிருந்தாள். ஒப்பந்தப் பிரதி என் கைக்கு வந்து சேருமுன்பே, தவணை போய்விடுமோ என்ற அவதியில், நான் நாலு வரி எழுதி அனுப்பிவிட்டேன். ‘வேலை’ என்ற சொல்லை அலுவலகக் கடுதாசியில் எழுத என் கை பின்வாங்கியது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில், அனுமதி இல்லாமல் வேலை செய்கிறாயா என்று யார் கேட்டாலும் “இல்லை” என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. ஆகவே, “அவள் அங்கே வேலை செய்யவில்லை, விளையாட மட்டுமே செய்கிறாள்” என்று ஜெர்மன் மொழியில், எழுத்துப்பிழை இல்லாமல், அழகாக எழுதி வைத்தேன். ‘நூர்’ என்று ஒரு சின்னச் சொல், ஜெர்மனில் மூன்றே எழுத்து. ‘மட்டும்’ என்று அர்த்தம். அதைப் போட்டால் அடக்கமாக இருக்கும் என்று வேறு நினைத்திருந்தேன்.

2

எங்கள் வீட்டுக்குள் இந்தப் பந்து எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நிலானி பள்ளியில் கைப்பந்து விளையாடியவள். தொழிற்பயிற்சி முடித்து வின்டர்தூரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குப் போனபோது, கூட வேலை செய்யும் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே குடியிருக்கும் அவுஸ்திரேலியர்கள் சிலர், தங்கள் நாட்டு விதிப்படி ஆடும் முட்டை வடிவப் பந்தாட்டத்தை, ஒரு புல்வெளியில் கம்பம் நட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். இரண்டு மூன்று பெண்கள்.

“ஆம்பிளையளோட மோதுற விளையாட்டாம், நீங்க ஒருக்காப் போய்ப் பாருங்க” என்று சாந்தினி என்னை அனுப்பினாள். நானும் ரயிலேறி, வேவு பார்க்கத்தான் போனேன். பந்தைக் காலால் உதைக்கிறார்கள், கையால் குத்திக் கொடுக்கிறார்கள், ஒருவர் தோளில் மற்றவர் முழங்காலை ஊன்றி எழும்பி வானத்தில் பிடிக்கிறார்கள். பந்தை வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பங்கள். நடு இரண்டுக்குள் போனால் ஆறு புள்ளி, ஓரத்து இடைவெளிக்குள் போனால் ஒரு புள்ளி. கோல் விழுந்ததென்று கொடி காட்ட அன்றைக்கு ஆள் இல்லை. சும்மா நின்ற என் கையில் இரண்டு வெள்ளைக் கொடிகளைத் தந்துவிட்டார்கள். அப்படியே இரண்டு வருடம் ஞாயிறுதோறும் நான் கொடிக்காரன் ஆனேன். சாந்தினி சோற்றுப் பொதி கட்டித் தருவாள்.

அங்கே விளையாடிய ஹெலன் என்ற அவுஸ்திரேலிய ஆசிரியை, நிலானி ஆடுவதைப் படம் பிடித்து மெல்பேர்ணில் தனக்குத் தெரிந்த பயிற்சியாளருக்கு அனுப்பினாள். கைப்பந்து ஆடிய கைகள், பந்து எங்கே விழும் என்று முன்னமே ஓடிவிடும் கால்கள். போன தை மாதத்தில், புறநகர்க் கழகமொன்றின் பெண்கள் அணியில் ஒரு பருவம் ஆடிப் பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது. நாட்டின் மிக உயர்ந்த பெண்கள் லீக்குக்கு ஆள் தேடுபவர்கள் இந்த அணிகளைத்தான் வந்து பார்ப்பார்களாம்.

அதே நேரம் அவளுடைய சுவிஸ் குடியுரிமை விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தது. நேர்முகம் முடிந்துவிட்டது. கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி.

“ஐஞ்சரை மாசம் அப்பா. ஆறு மாசத்துக்குள்ள வந்திடுவன். ஒண்டும் ஆகாது” என்றாள். நான் நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். திரும்பி வரும் நாளுக்கும் எல்லைக்கும் இடையில் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளை நம்பி விமான நிலையத்தில் கையசைத்தேன்.

ஆடி தொடங்கியபோது மேல் லீக்கில் ஆடும் அணியொன்றில் ஒரு பெண்ணுக்கு முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. அவளுக்குப் பதிலாக நிலானியைக் கேட்டார்கள். இந்தப் பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்குமாக ஒப்பந்தம். சாந்தினி இந்தச் செய்தியைக் கேட்டதும் முதலில் சொன்னது, “அந்தப் புள்ளைட தாய் பாவம்” என்று. அடுத்துச் சொன்னது, “அதே இடத்திலதானே இவளும் நிக்கப் போறாள்.”

3

கடிதம் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு நிலானியை அழைத்தேன். அங்கே பிற்பகல் மூன்று மணி. பயிற்சிக்குப் போகும் வழியில் ட்ராமில் இருந்தாள். கடிதத்தை முழுதும் வாசித்துக் காட்டினேன்.

“அப்பா, நீங்க அப்பிடியா எழுதினீங்க?”

“வேலை எண்டு எழுதினாப் பிரச்சினை வரும் எண்டு நினைச்சன், புள்ள.”

“எனக்குச் சம்பளம் தாறாங்க. கொன்ட்ராக்ட் இருக்கு. காலையில ஜிம், பின்னேரம் பயிற்சி, டொக்டர், ஃபிசியோ எல்லாம் இருக்கு. இது என்ட வேலை அப்பா. வேலை எண்டு எழுதியிருந்தா ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“எனக்குத் தெரியாமப் போயிட்டுது.”

“தெரியாம இல்ல. நீங்க நம்பலை. அதான் அப்பிடி எழுதினீங்க.”

சாந்தினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் சொன்னது சரி. இரண்டு வருடம் கொடி பிடித்தேனே தவிர, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்றுதான் மனதில் வைத்திருந்தேன். நான் வளர்ந்த வீட்டில் ‘விளையாட்டு’ என்ற சொல்லே கண்டிப்பதற்குத்தான் பயன்பட்டது. “விளையாடாதே, விசயத்துக்கு வா” என்பார்கள்.

கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன், “சரி, இப்ப திரும்ப எழுதோணும். அந்த லீக்கால என்ன பெறுமதி? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. விளங்காம இன்னொருக்கா எழுத மாட்டன்.”

அவள் ட்ராமை விட்டு இறங்கி, நடந்துகொண்டே பேசினாள். மூச்சு வாங்கியது.

“வின்டர்தூர்ல எல்லாரும் நல்ல ஆக்கள் அப்பா. நான் பந்தை எடுத்தா வேகத்தைக் குறைப்பாங்க. விழுந்தாக் கை குடுத்துத் தூக்குவாங்க. நீங்களும் பார்த்திருக்கீங்க. இங்க வந்த முதல் நாள் ஒருத்தி என்னை இடிச்சு விழுத்திட்டுத் திரும்பியும் பார்க்கலை. எனக்கு அழுகை வந்திட்டுது.”

“நொந்ததோ?”

“நொந்தது. ஆனா அதுக்கில்ல. ஒருத்தரும் என்னைப் பாவம் பார்க்கலை எண்டு. சந்தோஷத்தில அழுதன்.”

அவளே தொடர்ந்தாள். அணியில் ஒருத்தி மின்சார வேலை செய்கிறவள், இன்னொருத்தி தாதி. சம்பளம் ஆண்களுக்குக் கொடுப்பதன் கிட்டவும் வராது. எல்லா ஆட்டத்துக்கும் அரங்கம் நிறைவதில்லை. “எங்கட கெப்டன் சின்ன வயசில பொடியன்களோட விளையாடினவ. பதினாலு வயசு வந்த உடன இனிப் பொடியன்களோட ஆட ஏலாது எண்டு நிப்பாட்டிப் போட்டாங்க. அவட ஊர்ல பொம்பிளைப் புள்ளையளுக்கு அணி இல்ல. ஏழு வருஷம் பந்தைத் தொடலை அப்பா. லீக் தொடங்கின பிறகுதான் திரும்பி வந்தவ. இப்ப அதே ஊர்ல பத்து வயசுப் புள்ளையளுக்கும் அணி இருக்கு. மேல ஒண்டு இருந்தாத்தான் கீழ ஆக்கள் தொடங்குவாங்க. ஏபே, அதான்.” ‘அதுதானே’ என்பதற்கு அவள் வாயில் எப்போதும் சுவிஸ் ஜெர்மன்தான்.

“அந்த முழங்கால் அறுந்த புள்ள எப்பிடி இருக்கிறா?”

“ஊன்றுகோலோட வந்து, லொக்கர் எங்க, ஐஸ் எங்க எண்டு அவதான் எனக்குக் காட்டித் தந்தா.” அவள் குரல் தாழ்ந்தது. “அதைக் கேக்காதீங்க அப்பா. எனக்கும் பயம்தான்.”

கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அவங்க கேட்டிருக்கிறாங்க. திரும்பி வருவியோ?”

நடந்த சத்தம் நின்றது.

“தெரியாது அப்பா. பொய் சொல்லட்டா?”

வேண்டாம் என்றேன். வேண்டும் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

4

அந்தச் சனிக்கிழமை ஓல்டன் தமிழ்க் கடையில் சிவம் அண்ணையைக் கண்டேன். பண்டகசாலையில் வேலை செய்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன். என் கஷ்டத்தைச் சொன்னேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“குறை நினையாதை தம்பி. அந்தப் பெட்டையளின்ர லீக் தன்ர காலில நிக்கேல்லையாம். ஆம்பிளையளின்ர ஆட்டம் உழைக்கிறதிலதான் அது ஓடுதெண்டு அங்க இருக்கிற என்ர மச்சான் சொல்லுறான். நாளைக்கு மூடினா இவள் என்ன செய்யிறது? கையில வந்த சுவிஸ் சிவப்புப் பாஸ்போட்டை விட்டிட்டு! அதுக்குப் பிறகு என்ன? முப்பது வயசில முழங்காலும் போய் நிக்கப் போறாள்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது “அதுக்குப் பிறகு என்ன?” என்பது மட்டும் காதில் நின்றது. அதை நான் வேறொரு இடத்தில், என் சொந்த வாயால் கேட்டிருக்கிறேன்.

என் தங்கை கலா பாடசாலையில் வலைப்பந்து ஆடினாள். உயரமானவள், கம்பத்துக்குக் கீழே அவளை மீறி யாரும் பந்து போட முடியாது. மாகாண அணிக்குத் தெரிவானாள். இரண்டு கிழமைப் பயிற்சிக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். யுத்த காலம். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். பேருந்தை விட்டு இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, ஊர்ப் பெயரைப் பார்த்து, ஆளை நிறுத்தி வைக்கும் காலம். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவன் நான். எனக்கு இருபத்தொரு வயது.

விளையாட்டு ஆசிரியை வீடு தேடி வந்தார். தானே கூட்டிப்போய்க் கூட்டி வருவதாகச் சொன்னார். நான் சாவடிகளைப் பற்றிச் சொன்னேன். “எல்லாப் புள்ளையளும் ஒரே பஸ்ஸில போறம் தம்பி, கடிதம் இருக்கு” என்றார். அப்போதுதான் கேட்டேன், “சரி டீச்சர், கொழும்புக்குப் போய் விளையாடிட்டு வாறாள். அதுக்குப் பிறகு என்ன?”

ஆசிரியை பதில் சொல்லவில்லை. அவர் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளைப் பழக்குகிறவர். பள்ளி முடிந்ததும் அத்தனை பேரும் பந்தை வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தவர். நான் கேள்வியில் வென்றேன். கலா கதவுக்குப் பின்னால் நின்றாள். அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாதைக்குப் பயந்துதான் மறித்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பயம் உண்மை. ஆனால் ஆசிரியை அந்தப் பயத்துக்கு வழி சொன்ன பிறகும் நான் விடவில்லை என்பதும் உண்மை.

கலா இப்போது கல்முனையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். ஞாயிறு அவளை அழைத்தேன். நிலானியின் கதையைச் சொல்லி, கடிதத்தைச் சொல்லி, சுற்றி வளைத்துக் கடைசியில் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். நினைவிருக்கிறதா என்று.

“நினைவில்லாம என்ன?”

“அப்ப நான் கேட்டன், அதுக்குப் பிறகு என்ன எண்டு.”

“ஓம். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லாட்டியும் நான் போயிருப்பன் அண்ணா.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். பிறகு சாந்தினிக்கு முதுகு வலி எப்படி என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்த சொற்களைக் கூட்டி எடுப்பதற்குள், வங்கிக் கணக்காய்வாளர் நாளை வருகிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

5

தவணைக்கு மூன்று நாள் இருக்க, விடுமுறை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். நிலானி அனுப்பிய ஒப்பந்தப் பிரதி பக்கத்தில். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியச் சோற்றுக்கு முன் ஒரு பக்கம் எழுதினேன். ஏறக்குறைய இப்படி:

“முதல் கடிதத்தில் நான் எழுதியது தவறு. என் மகள் அங்கே வேலை செய்கிறாள். விளையாடுவது அவளுடைய தொழில். இந்த ஆட்டத்தில் பெண்களுக்கு இதைவிட உயர்ந்த லீக் உலகில் வேறெங்கும் இல்லை. சுவிட்சர்லாந்தில் இந்த ஆட்டத்தைப் பொழுதுபோக்காக மட்டுமே ஆடலாம். அந்த லீக் இல்லாத காலத்தில் திறமையுள்ள பெண்கள் பதினான்கு வயதில் நின்றுபோனார்கள். அவள் நின்றுபோகக் கூடாது என்று விரும்புகிறோம். அவள் பிறந்தது ஓல்டனில். அவளுடைய அறை அப்படியே இருக்கிறது.”

அதற்குக் கீழே திரும்பி வருவதைப் பற்றி எழுத வேண்டும். “நிச்சயம் வருவாள்” என்று எழுதினேன். வெட்டினேன். “வருவாள் என்று நம்புகிறோம்” என்று எழுதினேன். சாந்தினி எட்டிப் பார்த்துவிட்டு, “நாம நம்புறமா?” என்று கேட்டாள். அதையும் வெட்டினேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கடிதத்தைத் தபாலில் போடாமல் நேரே அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன்.

கடிதம் வாங்கும் கருமபீடத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெண். கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

“முதலில் வேலை இல்லை என்று எழுதினீர்கள். இப்போது வேலை என்கிறீர்கள். எது சரி?”

“இரண்டாவது சரி. முதலாவதை எழுதும்போது எனக்கு விளங்கியிருக்கவில்லை.”

“மகள் செய்யும் தொழில் தகப்பனுக்கு விளங்கவில்லையா?”

“இல்லை” என்றேன்.

ஒப்பந்தத்தை எடுத்துத் திகதிகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “திரும்பி வருவது பற்றி நீங்கள் எழுதவில்லையே.”

இருபத்தெட்டு வருடத்தில் எந்தக் கருமபீடத்திலும் நான் “தெரியாது” என்று சொன்னதில்லை. தெரியாததற்கெல்லாம் ஒரு பதிலோடு போவதுதான் எங்கள் பழக்கம். பதில் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, தடுமாறக் கூடாது.

“எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கேட்டேன், பொய் சொல்ல விரும்பவில்லை என்றாள்” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் திகதி இருக்கிறது. பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். முடிவெடுப்பவர்களிடம் இதைத்தான் எழுதி அனுப்பப் போகிறேன்” என்றார். பிறகு, “குடியுரிமை விண்ணப்பமும் ஓடுகிறதா?” என்று கேட்டார்.

“ஓம்… யா.”

“அது எங்களிடம் இல்லை, நகரசபையிடம் இருக்கிறது. ஆனால் இங்கே வசிக்காதவரின் கோப்பை அவர்கள் வைத்திருக்க மாட்டார்கள். மூடிவிடுவார்கள். வந்த பிறகு புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். தெரியும்தானே?”

நிறுத்தி வைக்க வழியில்லையா என்று கேட்டேன். தலையை அசைத்தார். கடிதத்தின் மூலையில் திகதி முத்திரையைக் குத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பிறகுதான், அலுவலக ஜெர்மனை விட்டு இறங்கி, அவர்களுடைய பேச்சு மொழியில் மெதுவாகச் சொன்னார்: “இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை எழுபத்தொன்றில்தான் வந்தது. என் அம்மா முதல்தடவை வாக்குப் போடப் போனபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அதற்கு முதல், உங்களுக்கெல்லாம் எதற்கு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.”

அடுத்த ஆளின் இலக்கம் திரையில் விழுந்தது. நான் நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

6

எல்லைக்கு ஐந்து நாள் இருக்கும்போது பதில் வந்தது. ‘சி’ அட்டை இரண்டு வருடத்துக்குக் காப்பாற்றப்பட்டிருந்தது. சாந்தினி கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். நகரசபையின் கடிதம் அடுத்த மாதம், நிலானியின் முதல் ஆட்டத்துக்கு முதல் நாள் வந்தது. கோப்பு மூடப்பட்டது என்று இரண்டே வரி. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாந்தினி அலமாரிக்குள் வைத்தாள்.

ஆட்டம் எங்களுக்குச் சனி காலை ஒன்பது மணிக்கு. மடிக்கணினியை மேசையில் வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நாலு பகுதியில் முதல் இரண்டிலும் நிலானி வெளியே பெஞ்சில் இருந்தாள். மூன்றாம் பகுதியில் உள்ளே விட்டார்கள். அவள் பெயரை அறிவிப்பாளர் சரியாகச் சொன்னார். பயிற்சி எடுத்திருக்க வேண்டும். பந்து அவள் பக்கம் வர, எடுத்துத் திரும்புமுன் ஒருத்தி பக்கவாட்டில் வந்து மோதினாள். நிலானி தரையில் கிடந்தாள். சாந்தினி எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

“எழும்பிட்டாளா?” என்று அங்கிருந்து கேட்டாள்.

“பொறு.”

“எழும்பிட்டாளா?”

எழும்பினாள். முழங்காலைத் தட்டிவிட்டு ஓடினாள். கடைசிப் பகுதியில் உயரப் போன ஒரு பந்தை, இரண்டு பேருக்கு நடுவில் எம்பி, நெஞ்சோடு பிடித்தாள். அரங்கின் ஒரு பக்கத்திலிருந்து கூவினார்கள். நான் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன். அவளுடைய அணி தோற்றது.

ஒரு மணி நேரம் கழித்து அழைத்தாள். காலை ஐஸ் வாளிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாள். “பார்த்தீங்களா?” என்றாள். பார்த்தோம் என்றேன். இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று சாந்தினி கைகாட்டினாள். ஆனால் ஒருமுறை தெரியாமல் எழுதிப் பட்டது போதும், மறைத்தும் பட வேண்டாம் என்று நகரசபைக் கடிதத்தைச் சொன்னேன்.

“நான் அங்கதானே பிறந்தன்” என்றாள். “நேர்முகத்தில எல்லாக் கேள்விக்கும் சரியாச் சொன்னன் அப்பா.”

“தெரியும் புள்ள. வந்து திரும்பப் போடலாம்.”

“நீங்க கோபமா?”

“பயம். கோபமில்ல.”

“கிரவுண்டுக்குள்ள ஓடுறதுக்கு முதல் நான் வாந்தி எடுத்தன், அவ்வளவு பயம்” என்றாள். பிறகு யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டின் கிழமை வியாழனில் வந்து நின்றது. மெல்பேர்ணில் அன்று மாலை வார இறுதி ஆட்டத்துக்கான பெயர்ப்பட்டியல் வெளிவரும். இங்கே காலை பத்து மணி, எனக்குக் கோப்பி இடைவேளை. உடை மாற்றும் அறையில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வியாழனும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: அவள் பெயர் வரக் கூடாது. பெயர் வராவிட்டால் அந்தக் கிழமை முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று கிழமை பெயர் வந்தது. மூன்று சனிக்கிழமையும் சாந்தினி சமையலறையில் நின்றே ஆட்டத்தைக் கேட்டாள்.

நேற்று வியாழன். பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். அவள் பெயர் இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. நிம்மதி வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. சாந்தினியை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டது, நான் இதுவரை கேட்டிராத குரலில்:

“அந்தக் கோச்சுக்குக் கண் இல்லையா? போன கிழமை அவ்வளவு உயரத்தில பிடிச்சாளே, அவன் பார்க்கலையா?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்” என்று கத்தினேன். உடை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.